ஒல்லாந்தரா, டச்சுக்காரரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுப் பள்ளியில் வரலாறு படித்தவருக்கு அவர்கள் டச்சுக்காரர்கள். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ படித்தவருக்கு ஒல்லாந்தர். நான் முதல் வகை. போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், டேனியர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் என்று ஐந்து பேரையும் வரிசையாக ஒப்பித்துத் தேர்வு எழுதியவன். அதனால் ஓர் ஈழத்து நண்பர் பேச்சுவாக்கில் “ஒல்லாந்தர் கட்டின கோட்டை” என்றபோது, ஆறாவதாக இது யாரடா என்றுதான் விழித்தேன். அன்றைக்குத் தொடங்கிய தேடலில் நான் கேட்ட கேள்விகளும், பிறகு மற்றவர்கள் என்னிடம் கேட்டவையும் கீழே இருக்கின்றன.

ஒல்லாந்தர் என்றால் யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

நெதர்லாந்து நாட்டவர். தமிழ்நாட்டில் டச்சுக்காரர் என்று சொல்கிறோமே, அவர்களேதான். ஆள் ஒன்று, பெயர் இரண்டு.

ஆங்கிலத்தில் ‘ஹாலண்ட்’ என்கிறார்கள். அதைத்தான் தமிழில் ஒல்லாந்து ஆக்கினோமா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் சொல்லைக் காதில் வைத்துக் கேட்டால் ஆங்கில வாடை வராது. போர்ச்சுக்கீசிய வாடைதான் வரும்.

போர்ச்சுக்கீசிய மொழியில் அந்த நாட்டின் பெயர் ‘ஒலாந்தா’. எழுதும்போது முன்னால் ஒரு ஹகரம் உண்டு, வாயில் அது வராது. இதை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிட முடியாது. ஹகரத்தை விழுங்குவது நமக்கும் கைவந்த கலைதான். ஹிந்துவை இந்து ஆக்கியவர்கள் நாம். மற்ற இரண்டு தடயங்கள்தான் முக்கியம்.

ஒன்று, அழுத்தம். ஆங்கிலேயரும் சரி, நெதர்லாந்துக்காரரும் சரி, முதல் அசையை அழுத்துவார்கள். ‘ஹாலண்ட்’ என்பதில் பின்பாதி தேய்ந்துபோகும். போர்ச்சுக்கீசியர் நடு அசையை அழுத்துவார்கள்: ஒ-லாந்-தா. தமிழில் நெடிலாக நிற்பது எது? லா. பழைய அகராதிகளில் உலாந்தா, ஒலாந்தா என்று காணப்படும் வடிவங்களிலும் அந்த லா குறையவே இல்லை.

இரண்டு, தகரம். ஆங்கில டகரம் நம் காதில் எப்போதும் ‘ட’ என்றே விழும். லண்டன், பாண்டு, பிராண்டு என்று பாருங்கள். போர்ச்சுக்கீசிய டகரம் பல்லில் நாக்குப் படும் ஒலி, அது நமக்குத் ‘த’. அவர்களின் ‘வராந்தா’ ஈழத்தில் விறாந்தை ஆனதும், அவர்களின் ‘சொல்தாது’ சோல்தாது என்று வந்ததும் இதே கணக்குத்தான். ஆங்கிலேயர் வாய்வழியாக வந்திருந்தால் ‘ஆலண்டு’ என்று ஏதாவது ஆகியிருக்கும்.

இங்கிலாந்து, நியூசிலாந்து, நெதர்லாந்து என்று நாம் எழுதும் ‘லாந்து’ எல்லாமே ஒலாந்தாவின் அச்சில் வார்த்தவையோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இது என் ஊகம் மட்டுமே.

ஒல்லாந்தர் பெயரை நாம் ஏன் போர்ச்சுக்கீசியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்? அவர்களே வந்து சொல்லியிருப்பார்களே!

வந்தார்கள், ஆனால் நூறு வருஷம் தாமதமாக. போர்ச்சுக்கீசியர் 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பெனி உருவானதே 1602இல்தான். பழவேற்காட்டில் அவர்கள் காலூன்றியது 1610இல். அதற்குள் நம் கடற்கரை முழுக்க வியாபாரம், கப்பல், கோயில், பஞ்சாயத்து எல்லாவற்றுக்கும் உடைந்த போர்ச்சுக்கீசியமே பொதுமொழியாகியிருந்தது. துபாஷிகளுக்கு, அதாவது மொழிபெயர்த்துச் சொல்பவர்களுக்கு, தெரிந்த ஐரோப்பிய மொழியும் அதுதான். ஒல்லாந்தர்களும் வேறு வழியில்லாமல் அதையே கற்றுக்கொண்டார்கள். இலங்கையில் போர்ச்சுக்கீசியரை விரட்டிய பிறகும் ஒல்லாந்தர் வீடுகளுக்குள் போர்ச்சுக்கீசியம் புழங்கியது. மனைவிமார், ஆயாமார், வேலைக்காரர் எல்லோரும் பேசியது அதுதான். எதிரி நாட்டு மொழியில்தான் அவர்கள் தங்களையே நமக்கு அறிமுகப்படுத்திக்கொண்டார்கள் என்று நினைக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

சரி, ‘டச்சு’ எங்கிருந்து வந்தது?

இது ஆங்கிலேயர் கொடுத்த சொல். அதன் கதை ஒல்லாந்தாவைவிட நீளம்.

பழைய ஜெர்மானிய மொழிகளில் ‘மக்கள்’ என்று பொருள்படும் ஒரு சொல் இருந்தது: ‘தெயுதோ’ என்பதுபோல் ஒலிக்கும். அதிலிருந்து ‘மக்களுடைய’, ‘ஊர்ச்சனம் பேசுகிற’ என்ற பொருளில் ஓர் உரிச்சொல் பிறந்தது. லத்தீன் படித்தவர்களின் மொழி. அதற்கு எதிர்ப்பக்கம் இருந்தது இந்த மக்கள் மொழி. நம் பக்கம் செந்தமிழ், கொடுந்தமிழ் என்று பிரித்தார்களே, ஏறக்குறைய அதுபோல.

இந்தச் சொல் லத்தீன் உருவில் எழுத்தில் முதலில் அகப்படுவது 786இல். இங்கிலாந்தில் நடந்த ஒரு திருச்சபைக் கூட்டத்தைப் பற்றிப் போப்பாண்டவருக்குப் போன கடிதம் அது. எல்லோருக்கும் புரியட்டும் என்று தீர்மானங்களை லத்தீனிலும் ‘தியோதிஸ்கே’யிலும் வாசித்தார்கள் என்று அதில் வருகிறது. அங்கே அந்தச் சொல் குறித்தது எந்த மொழியை? பழைய ஆங்கிலத்தை! பின்னாளில் அண்டை வீட்டுக்காரனுக்கு ஆங்கிலேயர் ஒட்டிய பெயர், எழுத்தில் முதலில் தென்படும்போது அவர்கள் மொழியையே குறித்து நிற்கிறது.

அந்த வேரிலிருந்துதான் ஜெர்மானியர் தங்களைச் சொல்லும் ‘டாய்ச்’ வந்தது. நெதர்லாந்துப் பகுதியில் ‘டீட்ஸ்’, ‘டௌட்ஸ்’ என்ற வடிவங்கள் வந்தன. ஆங்கிலத்தில் ‘டச்சு’ வந்தது. முதலில் ஆங்கிலேயருக்கு ஜெர்மானியரும் டச்சு, நெதர்லாந்தவரும் டச்சு. 17ஆம் நூற்றாண்டில் கடலிலும் சந்தையிலும் தினம் முட்டிக்கொண்டது நெதர்லாந்துக்காரரோடு என்பதால், பெயர் மெல்ல மெல்ல அவர்களுக்கு மட்டும் என்று சுருங்கிப்போனது.

ஆக, டச்சுக்காரர் என்ற சொல்லை வேரோடு பெயர்த்தால் ‘சனக்காரர்’ என்றுதான் வரும்.

அப்படியானால் நெதர்லாந்துக்காரர்கள் தங்களை டச்சு என்று சொல்லிக்கொள்வதில்லையா?

இல்லை. நாட்டை ‘நேடர்லாண்ட்’ என்பார்கள், தங்களை ‘நேடர்லாண்டர்’ என்பார்கள், மொழியை ‘நேடர்லாண்ட்ஸ்’ என்பார்கள். இன்றைக்கு அவர்கள் மொழியில் ‘டௌட்ஸ்’ என்றால் ஜெர்மன். குழப்பம் எங்கே வருகிறது என்றால், அவர்கள் நாட்டுப் பண் 16ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அதில் ஆரஞ்சு வம்சத்து வில்லியம், நான் ‘டௌட்ஸ்’ ரத்தம் என்று சொல்கிறார். விளையாட்டு மைதானத்தில் ஜெர்மனிக்கு எதிரான ஆட்டத்துக்கு முன்பும் இதையே எழுந்து நின்று பாடவேண்டியிருக்கிறது.

பென்சில்வேனியா டச்சு என்று ஒரு கூட்டம் இருக்கிறதே, அவர்கள்?

ஜெர்மானிய வழிவந்தவர்கள். டச்சு என்றால் இருவரையும் குறித்த பழைய வழக்கு அமெரிக்காவில் அப்படியே உறைந்துவிட்டது.

ஹாலந்தும் நெதர்லாந்தும் ஒன்றா?

ஒன்றல்ல. ஹாலந்து என்பது நெதர்லாந்தின் மேற்குக் கரையோரப் பகுதி மட்டும். 1840இல் அதை வடக்கு, தெற்கு என்று இரண்டு மாகாணமாகப் பிரித்தார்கள். நாட்டில் இன்று மாகாணங்கள் பன்னிரண்டு. ஹாலந்து என்ற பெயர் அவற்றில் இரண்டுக்குத்தான்.

ஒரு மூலையின் பெயர் நாடு முழுவதற்கும் ஏன் வந்தது என்றால், காசும் கப்பலும் அந்த மூலையில் இருந்ததால். ஸ்பெயின் அரசரை உதறிவிட்டு 1581இல் பிரிந்த ஏழு மாகாணங்களில் ஹாலந்துதான் பணக்கார மாகாணம். நம் கடற்கரைக்கு வந்த கம்பெனிக்கு ஆறு கிளைகள் இருந்தன: ஆம்ஸ்டர்டாம், மிடல்பர்க், டெல்ஃப்ட், ராட்டர்டாம், ஹோர்ன், எங்க்ஹௌசன். இதில் மிடல்பர்க் மட்டும் சீலாந்து மாகாணம், மற்ற ஐந்தும் ஹாலந்து. கப்பலில் வந்தவனிடம் எந்த ஊர் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைத்திருக்கக்கூடிய பதில் இப்போது புரியும்.

ஃப்ரீஸ்லாந்து, லிம்பர்க் பக்கத்துக்காரரை ஹாலந்துக்காரர் என்று அழைத்தால் முகம் சுளிப்பவர் உண்டு. திருநெல்வேலிக்காரரை வடக்கே போன இடத்தில் ‘மெட்ராஸி’ என்று கூப்பிடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். 2020 முதல் நெதர்லாந்து அரசு தன் விளம்பரங்களில் ஹாலந்து என்ற பெயரைக் கைவிட்டு, நெதர்லாந்து என்று மட்டுமே சொல்லி வருகிறது.

ஹாலந்து என்றால் பள்ளமான நிலம் என்று படித்தேன். சரிதானா?

அது நெதர்லாந்துக்குப் பொருந்தும். ‘நேடர்’ என்றால் கீழ், தாழ்ந்த; நாட்டின் கால்பங்கு கடல்மட்டத்துக்கும் கீழே. ஹாலந்துக்குள் இருப்பது ‘ஹோல்ட்’, அதாவது மரம், காடு. ஹார்லெம் ஊரைச் சுற்றியிருந்த காட்டுப்பகுதிக்கு ‘ஹோல்ட்லாந்து’ என்று பெயர். அது தேய்ந்து ஹாலந்து ஆனது. ‘ஹோல்’ என்றால் குழி என்பதால் பின்னாளில் யாரோ பள்ளநிலம் என்று பொருள் கட்டிவிட்டார்கள். ஒலி ஒத்திருந்தால் போதும், ஊர்ப்பெயருக்குக் கதை கட்டுவதில் எந்த நாட்டுக்காரரும் சளைத்தவரில்லை. கடற்காற்றும் துலிப் வயலுமாக நாம் படம் பார்க்கும் ஊருக்குக் காட்டூர் என்று பெயர் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

தரங்கம்பாடியில் இருப்பது டச்சுக் கோட்டைதானே?

இல்லை, டேனியக் கோட்டை. டென்மார்க்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கியது. டேனிஷ், டச்சு, டாய்ச் மூன்றும் நம் பேச்சில் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கின்றன. போதாக்குறைக்கு, தரங்கம்பாடிக்கு 1706இல் வந்து தமிழில் அச்சுவேலை தொடங்கிய சீகன்பால்கு ஒரு ஜெர்மானியர். டேனிய ஊருக்கு டேனிய அரசர் அனுப்பிய டாய்ச்சுக்காரர்! நிஜமான டச்சு இடங்களைப் பார்க்கவேண்டும் என்றால் சதுரங்கப்பட்டினம் கோட்டைக்கும், வாசலிலேயே எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கும் பழவேற்காட்டுக் கல்லறைக்கும் போங்கள்.

இங்கே வந்த ஒல்லாந்தர் எல்லோரும் ஹாலந்திலிருந்து வந்தவர்களா?

பாதிக்கதை இதில்தான் இருக்கிறது. கம்பெனி வேலைக்கு, அதிலும் சிப்பாய் வேலைக்கு, ஆள் கிடைப்பது கஷ்டம். போகிற வழியிலேயே பலர் செத்துப்போவார்கள். அதனால் ஜெர்மானியர், ஸ்காண்டிநேவியர், பிளெமிஷ்காரர், சுவிஸ்காரர் என்று கிடைத்தவரையெல்லாம் சேர்த்தார்கள். இலங்கையில் ஒல்லாந்தருக்காகக் காவல் நின்ற தெ மெரோன் படைப்பிரிவு சுவிட்சர்லாந்தில் திரட்டியது. 1795இல் அந்தப் படையே ஆங்கிலேயர் பக்கம் தாவியது, மறுவருஷம் கொழும்பு விழுந்தது.

நமக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் டிலனாய். 1741 ஆகஸ்டு 10இல் முடிந்த குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் சிறைப்பட்ட ‘டச்சுத் தளபதி’ என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். யூஸ்டேஷியஸ் டிலனாய் என்ற அந்தப் பெயரே பிளாண்டர்ஸ் பக்கத்துப் பிரெஞ்சு மணம் வீசுவது, ஆளும் கத்தோலிக்கர். கம்பெனியின் சம்பளப் பட்டியலில் இருந்ததால் டச்சுக்காரர் ஆனார். பிறகு திருவிதாங்கூர்ச் சம்பளம் வாங்கி ‘வலிய கப்பித்தான்’, அதாவது பெரிய தளபதி, ஆனார். 1777இல் இறந்த அவரது கல்லறை குமரி மாவட்டம் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறார்கள்.

ஆகவே பழைய ஆவணத்தில் ‘உலாந்தாக்காரர்’ என்று பார்த்தால், கம்பெனிக்காரர் என்று படித்துக்கொள்வதே பத்திரம்.

இலங்கையில் பறங்கியர் என்கிறார்களே, அவர்கள்தான் ஒல்லாந்தரா?

ஒல்லாந்தர் ஆட்சி போனது. அதன்பின் இலங்கையிலேயே தங்கிவிட்ட ஐரோப்பிய வழித்தோன்றல்களுக்கு ஆங்கிலத்தில் ‘பர்கர்’ என்று பெயர். அது ‘பர்ஹர்’ என்ற ஒல்லாந்தச் சொல். நகரவாசி, குடிமகன் என்று பொருள். கம்பெனிச் சம்பளத்தில் இல்லாமல் சொந்தமாகப் பிழைத்தவரை அப்படிச் சொன்னார்கள். தமிழில் மட்டும் அவர்கள் பறங்கியர். போர்ச்சுக்கீசிய வழியினரும் இதில் சேர்த்தி. பிரித்துச் சொல்லவேண்டும் என்றால் ஒல்லாந்தப் பறங்கியர், போர்த்துக்கேயப் பறங்கியர் என்பார்கள்.

பறங்கி என்ற சொல்லோ இவர்கள் எல்லோருக்கும் மூத்தது. பிரான்ஸ் நாட்டுக்குப் பெயர் கொடுத்த ‘பிராங்கு’ இனத்தாரை அரேபியர் ‘பரஞ்சி’ என்றார்கள், பாரசீகர் ‘பரங்கி’ என்றார்கள், அது ஐரோப்பியர் எல்லோருக்குமான பெயராகி நம்மிடம் வந்தது. பறங்கிமலை, பறங்கிப்பேட்டை, பறங்கிக்காய் எல்லாம் அந்தக் கொடிதான். சிங்களத்தில் ஒல்லாந்தரை ‘லந்தேசி’ என்பார்கள். போர்ச்சுக்கீசிய ‘ஒலாந்தேஸ்’ தலையிழந்த வடிவம் அது. இன்னும் தேய்ந்த ‘லன்சி’ பறங்கியரைக் குறிக்கும்.

மற்ற ஊர்களில் இவர்களை என்ன சொன்னார்கள்?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். போர்ச்சுக்கீசியக் கப்பல் போன துறைமுகங்களில் எல்லாம் ஒலாந்தா ஒவ்வொரு வேஷம் போட்டிருக்கிறது.

மலையாளத்தில் முன் எழுத்து உதிர்ந்து ‘லந்த’, ‘லந்தக்காரர்’. கொச்சியை 1663இல் பிடித்து நூறு வருஷத்துக்கு மேல் வைத்திருந்தவர்களுக்கு அங்கே மிஞ்சியது மூன்றெழுத்து.

மலாய் மொழியில் ‘பெலாண்டா’. மலேசியத் தமிழர்களுக்குப் பழகிய சொல். வெளியிலிருந்து வந்ததற்கெல்லாம் நாம் சீமை என்று அடைமொழி போடுவோமே, சீமைக்கத்தரி, சீமைப்பசு என்று, அதே வேலையை அங்கே பெலாண்டா செய்கிறது. முள் சீத்தாப்பழம் அங்கே ‘துரியான் பெலாண்டா’. வான்கோழி ‘ஆயம் பெலாண்டா’, அதாவது ஒல்லாந்தக் கோழி. போர்னியோக் காட்டில் தொங்குமூக்கும் தொந்தியுமாக ஒரு குரங்கு உண்டு; அதற்கு இந்தோனேசியாவில் ‘மோஞ்யெட் பெலாண்டா’, ஒல்லாந்தக் குரங்கு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். முந்நூற்றைம்பது வருஷக் கோபம் ஒரு குரங்கின் மூக்கில் இறங்கியிருக்கிறது. ஜாவா மொழியில் இன்னும் சுருங்கி ‘லோண்டோ’. எந்த வெள்ளைக்காரரும் அங்கே லோண்டோதான்.

இதைவிட வியப்பு ஆஸ்திரேலியாவில். வடக்கே ஆர்னம் லாந்தில் வாழும் யொல்ங்கு மக்கள் வெள்ளைக்காரரை ‘பலாண்டா’ என்கிறார்கள். கடலட்டை பிடிக்க சுலவேசித் தீவிலிருந்து வருஷாவருஷம் வந்துபோன மக்காசர் மீனவர்கள் விட்டுப்போன சொல் அது. லிஸ்பனில் கிளம்பி, மலாக்கா தாண்டி, மக்காசரில் மாறி, கடலட்டைப் படகில் ஏறி ஆஸ்திரேலியாவில் இறங்கியிருக்கிறது. ஒல்லாந்தரைக் கண்ணால் பார்க்காதவரும் அந்தப் பெயரால் ஆங்கிலேயரை அழைத்தார்கள்.

ஜப்பானில் ‘ஒரந்தா’; அவர்களுக்கு லகரம் வராது. 1641 முதல் இருநூறு வருஷத்துக்கு மேல், நாகசாகிக்கு முன்னால் இருக்கும் தெஜிமா என்ற குட்டிச் செயற்கைத் தீவில் மட்டும் ஒல்லாந்தர் வியாபாரம் செய்யலாம், வேறு ஐரோப்பியருக்கு இடமில்லை. அதனால் மேற்கத்திய மருத்துவம், வானியல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘ரங்காகு’ என்று பெயர். ஒரந்தாவின் நடு எழுத்தை எடுத்துக் கல்வி என்ற சொல்லோடு ஒட்டியது. மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரந்தாவைத் தெரியும், தலையில் குல்லாய் மாட்டியதுபோல் சதை வளர்ந்த தங்கமீன். அதுவும் இதே பெயர்தான்.

சீனர்கள் முகத்தைப் பார்த்தே பெயர் வைத்தார்கள்: செம்மயிர்க்காரர். சிங்கப்பூரில் வெள்ளையர் யாரையும் ‘ஆங் மோ’ என்கிறார்களே, அதன் பொருள் அதுதான். சீனாவின் மிங் அரசர்கள் காலத்தில் அது முக்கியமாக ஒல்லாந்தருக்கு விழுந்த பட்டம்.

ஆங்கிலத்தில் ‘டச்சு’ சேர்ந்த தொடர்கள் எல்லாம் ஏன் கேலியாகவே இருக்கின்றன?

குடித்தால் வரும் வீரத்துக்கு ‘டச்சு தைரியம்’, புரியாத உளறலுக்கு ‘டபுள் டச்சு’ என்று அவர்கள் மொழியில் நிறைய உண்டு. 1652க்கும் 1674க்கும் நடுவில் இரண்டு நாடும் மூன்று தடவை கடற்போர் செய்தன. 1667இல் ஒல்லாந்தக் கப்பல்கள் மெட்வே ஆற்றுக்குள்ளேயே நுழைந்து ஆங்கிலக் கப்பல்களை எரித்து, அரசரின் பெயர் தாங்கிய ‘ராயல் சார்லஸ்’ கப்பலைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த அவமானத்தை மறக்க ஒரு நாட்டுக்குச் சில வசவுகள் தேவைப்பட்டிருக்கும். தமிழில் ஒல்லாந்தரை வைத்து அப்படிப் பழமொழி எதுவும் என் காதில் விழுந்ததில்லை.

கம்பெனியின் சுருக்கப் பெயர் வி.ஓ.சி. என்று பார்த்தேன். நம் வ.உ.சி.யா?

தற்செயல்தான், ஆனால் நல்ல தற்செயல். அவர்கள் மொழியில் ‘ஒன்றிணைந்த கிழக்கிந்தியக் கம்பெனி’ என்ற பெயரின் முதலெழுத்துகள் வி, ஓ, சி. 1658இல் அந்தக் கம்பெனி போர்ச்சுக்கீசியரிடமிருந்து பறித்த ஊர்களில் தூத்துக்குடியும் ஒன்று. ஒல்லாந்தர் கடைசியாக அதை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தது 1825இல். அதே தூத்துக்குடியில் 1906இல் ஆங்கிலக் கப்பலுக்குப் போட்டியாகக் கப்பல் கம்பெனி தொடங்கியவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. துறைமுகத்துக்கு இன்று அவர் பெயர். ஆங்கிலத்தில் சுருக்கினால் அதே மூன்றெழுத்து.

ஒல்லாந்தர் பேசிய சொற்கள் தமிழில் இருக்கின்றனவா?

உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. ‘டௌட்’ என்பது ஒல்லாந்தரின் சின்னச் செப்புக்காசு, கம்பெனி முத்திரையோடு வந்தது. அதுதான் துட்டு. கக்கூசும் அவர்கள் கொடைதான்: ‘கக்’ என்றால் மலம், ‘ஹௌஸ்’ என்றால் வீடு. வேறு விளக்கம் வேண்டாம்.

ஈழத்தமிழில்தான் அறுவடை அதிகம். அலுவலகத்துக்குக் கந்தோர் (‘காந்தோர்’ என்பது அவர்கள் சொல்). பத்திரம் எழுதுபவர் நொத்தாரிசு. மேசையின் இழுப்பறை லாச்சி. பீன்ஸ் என்று நாம் வாங்குவது அங்கே போஞ்சி. கடைசி இரண்டிலும் ஒரு விஷயம் கவனியுங்கள். ஒல்லாந்தர் பேச்சில் எதையும் செல்லமாகச் சின்னதாக்கிச் சொல்ல ‘ச்யெ’ என்று ஒரு விகுதி ஒட்டுவார்கள். ‘லா’ இழுப்பறை, ‘லாச்யெ’ குட்டி இழுப்பறை. ‘போன்’ அவரை, ‘போன்ச்யெ’ குட்டி அவரை. யாழ்ப்பாணத்துச் சமையற்கட்டில் போஞ்சிக்கறி தாளிப்பவர் தம்மை அறியாமல் ஒல்லாந்தச் செல்லம் கொஞ்சுகிறார். இந்தக் கந்தோரும் லாச்சியும் இப்போது வயதானவர்கள் பேச்சில்தான் அதிகம் கேட்கிறது. போஞ்சி மட்டும் சந்தையில் நன்றாக விற்கிறது.

யாழ்ப்பாணத் தீவுகளுக்கு ஒல்லாந்தர் பெயர் வைத்தார்களாமே?

வைத்தார்கள். காரைநகருக்கு ஆம்ஸ்டர்டாம், வேலணைத் தீவுக்கு லைடன், புங்குடுதீவுக்கு மிடல்பர்க், அனலைதீவுக்கு ராட்டர்டாம், நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட். வீட்டு ஞாபகம் வந்திருக்கும் போல. ஊர்காவற்றுறைக் கடலில் இருக்கும் குட்டிக் கோட்டைக்கு ‘ஹம்மன்ஹீல்’, பன்றித்தொடையின் குதிகால் என்று பெயர் வைத்தார்கள். வரைபடத்தில் இலங்கை அவர்களுக்கு உப்பிட்ட பன்றித்தொடைபோலத் தெரிந்ததாம். நமக்கு மாங்காயாகத் தெரிந்தது. தீவுகளில் ஆங்கிலத்தில் இன்றும் புழக்கத்தில் நிலைத்த பெயர் டெல்ஃப்ட் ஒன்றுதான். தீவுக்காரரிடம் கேட்டால் அவர் நெடுந்தீவு என்றுதான் சொல்வார்.

கடைசியாக, நான் கட்டுரையில் எதை எழுத வேண்டும்?

இன்றைய ஆளைப் பற்றி என்றால் நெதர்லாந்து நாட்டவர் அல்லது நெதர்லாந்துக்காரர். மொழிக்கு டச்சு மொழி என்பது எல்லோருக்கும் புரியும். பெல்ஜியத்தின் வடபாதியிலும் சூரினாமிலும் அந்த மொழி உண்டு என்பதால், மொழியை வைத்து ஆளை நெதர்லாந்தவர் என்று முடிவுகட்டாதீர்கள். பழங்காலக் கம்பெனியார் என்றால் ஒல்லாந்தர், டச்சுக்காரர் இரண்டும் சரி. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலந்தால் முதல் இடத்திலேயே இருவரும் ஒருவர்தான் என்று ஒரு வரி போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் என்னைப்போல் யாராவது ஆறாவது ஆளைத் தேடிக்கொண்டிருப்பார்கள். நான் எழுதும்போது ஒல்லாந்தர் என்றே எழுதுகிறேன். அச்சுக்குப் போகும்போது பிழைதிருத்துபவர் பெரும்பாலும் அதை அடித்து டச்சுக்காரர் ஆக்கிவிடுவார். நான் மறுபடி திருத்தி அனுப்புவேன்.